ஐஸ் பெட்டிக்குள் போன கணினி!

பாலை ஐஸ் பெட்டிக்குள் வைப்பார்கள். தயிரை வைப்பார்கள். நேற்று வைத்த குழம்பை வைக்கிறவர்களும் உண்டு.

கணினியை வைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்டா?

அமெரிக்காவில் அப்படிச் செய்தார்கள். அவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. கைப்பணத்தைக் கொட்டி ஒரு சாமானை வாங்கிவிட்டு, அதை வைத்துக்கொள்ளவும் முடியாமல், தூக்கி எறியவும் மனம் வராமல் தவித்தவர்கள்!

சங்கதி இதுதான். 2015–ம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘மைக்ரோசாப்ட்’ கம்பெனி ‘சர்பேஸ் புரோ 4’ என்ற டேப்லெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேப்லெட் என்றதும் மருந்துக்கடை மாத்திரை என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சிலேட்டைப் போல கையில் ஏந்திக்கொள்ளும் கணினி அது. முன்பக்கம் முழுவதும் ஒரே கண்ணாடித் திரை. எழுதுவது, படிப்பது, படம் பார்ப்பது எல்லாம் அந்தத் திரையில்தான். திரை கெட்டால் மிஞ்சுவது வெறும் தகடு.

‘சர்பேஸ் புரோ 4’ நல்ல சாமான் என்று பெயர் எடுத்தது. விலை அதிகம் என்றாலும் வாங்கினார்கள். சில காலம் சென்றது. சிலருடைய திரை ஆடத் தொடங்கியது. எழுத்துக்கள் நடுங்கின. ஒரு வரி இரண்டு வரியாகத் தெரிந்தது. குளிர் ஜுரம் கண்டவன் உடம்பைப் போலத் திரை வெடவெடத்தது.

இதில் ஒரு வினோதம். மனிதனுக்குக் குளிரினால் நடுக்கம் வரும். இந்தத் திரைக்கோ உஷ்ணத்தினால் நடுக்கம் வந்தது! வேலை செய்யச் செய்ய டேப்லெட் சூடேறும். சூடு ஏற ஏற நடுக்கமும் ஏறும்.

யாரோ ஒரு மகராசனுக்கு யோசனை உதித்தது. டேப்லெட்டைக் கொண்டுபோய், ஐஸ் கட்டி உறைகிற அறைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். நடுக்கம் நின்றுவிட்டது! செய்தி பரவியது. மற்றவர்களும் வைத்துப் பார்த்தார்கள். 10 நிமிடம் உள்ளே வைத்தால் அரை மணி நேரம் வேலை நடக்கிறது என்று ஒருவர் எழுதினார். பிறகு மறுபடியும் உள்ளே!

பாதிக்கப்பட்டவர்கள் கூடி ஒரு பட்டியல் தயாரித்தார்கள். 2018–ம் ஆண்டு பிப்ரவரிக்குள் அதில் 1,600–க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துவிட்டன. இவர்களில் பலருக்கு ஓர் ஆண்டு உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. “பணம் கட்டினால் வேறு தருகிறோம்” என்பதுதான் அதுவரை அவர்களுக்குக் கிடைத்த பதில்.

அந்த ஆண்டு மே மாதம் கம்பெனி இறங்கி வந்தது. ‘ஒரு சிறு பகுதி டேப்லெட்டுகளில் இந்தக் கோளாறு இருக்கிறது. இது மென்பொருளால் திருத்தக்கூடியது அல்ல. வாங்கிய நாளில் இருந்து 3 ஆண்டு வரை இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்று அறிவித்தது. முன்பே பணம் கட்டி மாற்றியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழி செய்தது.

நல்ல காரியம்தான். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். முதன்முதலில், 2015 அக்டோபரில் வரிசையில் நின்று வாங்கியவருக்கு 3 ஆண்டு எப்போது முடிகிறது? 2018 அக்டோபரில். அறிவிப்பு வந்ததோ மே மாதம். அவருக்குக் கிடைத்த அவகாசம் 5 மாதம். நவம்பரில் நடுக்கம் கண்டிருந்தால் அவர் கதி அதோகதிதான்.

நுங்கு போல ஆடிய திரை

மேலே சொன்னது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த கோளாறு. குழந்தையிடம் காட்டினால்கூட, “இது ஆடுகிறது” என்று சொல்லிவிடும். ஆகவே தாமதமானாலும் ஒரு வழி பிறந்தது.

ஒருவர் கண்ணுக்குத் தெரிந்து, பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத குறை என்றால் என்ன செய்வது?

அப்படியும் ஒரு வழக்கு வந்தது. 2021–ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ‘ஆப்பிள்’ கம்பெனி புதிய ‘ஐபேட் மினி’யை வெளியிட்டது. கைக்கு அடக்கமான டேப்லெட். திரையின் அளவு 8.3 அங்குலம். அமெரிக்காவில் 499 டாலர். நம் நாட்டில் ஆரம்ப விலை 46 ஆயிரத்து 900 ரூபாய்.

வாங்கியவர்கள் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். பக்கத்தை விரலால் மேலே தள்ளினார்கள். அப்போது சிலருக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. வரியின் ஒரு பாதி முன்னால் போகிறது. மறு பாதி ஒரு கணம் பிந்தி வருகிறது! நேர்க்கோடாக இருக்கவேண்டிய வரி சாய்கிறது. விரலை நிறுத்தினால் நேராகிவிடுகிறது. நுங்கை விரலால் தட்டினால் எப்படி அசைந்து அடங்கும்? அப்படி! வெள்ளைக்காரர்களுக்கு நுங்கு தெரியாது. அதனால் ‘ஜெல்லி ஆட்டம்’ என்று பெயர் வைத்தார்கள்.

காரணம் என்ன?

திரையில் நாம் பார்க்கும் படம் ஒரேயடியாக மாறுவது இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர் ஒரு கோடியில் தொடங்கி மறு கோடிக்குப் போகிறார் அல்லவா? அதுபோல, திரையும் வரிசை வரிசையாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு விநாடிக்கு 60 தடவை இந்த வேலை நடக்கிறது. ஒரு தடவை முடிய ஏறத்தாழ விநாடியில் 60–ல் ஒரு பங்கு நேரம். முதல் வரிசைக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகு, கடைசி வரிசைக்கு அடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது.

‘விநாடியில் 60–ல் ஒரு பங்கு! அது ஒரு நேரமா?’ என்று கேட்கலாம். கேளுங்கள். நீங்கள் பக்கத்தை விநாடிக்கு 12 சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். இது ஒன்றும் அசுர வேகம் அல்ல. அந்தச் சிறு நேரத்துக்குள் எழுத்து 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் அத்தனை வித்தியாசம். பொடி எழுத்தில் அது ஏறத்தாழ ஓர் எழுத்தின் உயரம்!

மற்ற டேப்லெட்டுகளில் இது ஏன் தெரிவதில்லை? அவற்றிலும் தாமதம் உண்டு. ஆனால் நாம் படிக்கும் வாட்டத்தில் பிடித்தால், அநேகமாக மேலிருந்து கீழே சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது. நாமும் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளுகிறோம். இரண்டும் ஒரே திசை. அதனால் வரி சாய்வதில்லை. புதிய ‘மினி’யிலோ நிமிர்த்திப் பிடித்தால் சுண்ணாம்பு பக்கவாட்டில் அடிக்கப்படுகிறது. டேப்லெட்டுகளைப் பிரித்துப் பழுது பார்க்கும் வித்தையில் பெயர் பெற்ற ‘ஐபிக்சிட்’ என்ற அமெரிக்கக் கம்பெனி அதைக் கழற்றிப் பார்த்தது. திரையை நடத்தும் சிறு பலகை பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் விதத்தைச் சுட்டிக்காட்டியது.

வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? இந்த வகைத் திரைகள் வரிசை வரிசையாகத்தான் புதுப்பிக்கப்படும்; அதனால் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் சிறு தாமதம் இருக்கும்; இது சாதாரணமானதுதான் என்று ஒரு பத்திரிகைக்குத் தெரிவித்தது.

‘சாதாரணம்!’

இந்த ஒரு வார்த்தைதான் வாங்கியவர்களுக்கு ஆத்திரத்தை மூட்டியது. ஆட்டத்தைக்கூட அவர்கள் பொறுத்திருப்பார்கள்.

கம்பெனி பொய் சொல்லவில்லை. தாமதம் எல்லாத் திரையிலும் இருப்பது உண்மை. ஆனால் அதே கம்பெனியின் பழைய டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்துப் படித்தவருக்கு இந்த ஆட்டம் தெரியவில்லை, புதியதில் தெரிகிறது. அவருக்கு வேண்டியது திரையைப் பற்றிய பாடம் அல்ல. “நேற்று இல்லாதது இன்று ஏன் இருக்கிறது?” என்பதுதான் அவர் கேள்வி. அதற்குச் ‘சாதாரணம்’ என்பது பதில் ஆகாது.

வாங்கியவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஏற்பட்டது. “என்னிடமும் அதே டேப்லெட் இருக்கிறது. ஒரு ஆட்டமும் இல்லை. வீண் வம்பு!” என்றது ஒரு கட்சி. “ஐந்து நிமிடம் படித்தால் தலை சுற்றுகிறது” என்றது மற்றொரு கட்சி. 2022–ல் அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போனார்கள்.

இரு கட்சியும் உண்மையைத்தான் பேசின. டேப்லெட் ஒன்று, கண் வேறு.

மருமகன் செய்த உபகாரம்

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது, சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

என்னிடம் ஒரு டேப்லெட் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஆறு மாதமாக இரவில் அதில்தான் படித்துவந்தேன். ஒரு குறையும் கண்டதில்லை. ஒரு நாள் ஊரிலிருந்து என் தங்கை மகன் வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். டேப்லெட்டை வாங்கிப் பார்த்தான். விளக்கை அணைத்தான். கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் போட்டான்.

“மாமா, கீழ் மூலையில் பாருங்கள். வெளிச்சம் கசிகிறது” என்றான்.

பார்த்தேன். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில், மஞ்சள் பூத்தாற்போல் ஒரு வெளிச்சம். விரல் நுனி அளவுதான்.

“முன்பே தெரியாதா, மாமா?”

“இப்போதுதான் தெரியும், அப்பா. நீ நன்றாக இரு!” என்றேன்.

அன்று முதல் என் நிம்மதி போயிற்று. கதை படிக்கும்போது கண் கதையில் இல்லை, மூலையில் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் அந்தக் கசிவு தெரியவே தெரியாது என்பது புத்திக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிந்தால்தானே! கடைக்குக் கொண்டுபோனேன். விற்பனையாளர் அதைப் பட்டப்பகலில், கடையின் நூறு விளக்குகளுக்குக் கீழே பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லையே, சார்!” என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கசிவு பழைய வியாதி. 2011–ல் ‘ஐபேட் 2’ வந்தபோதே இதைப் பற்றிப் பெரும் கூக்குரல் எழுந்தது. இந்த வகைத் திரையில் புள்ளிகள் தாமாக ஒளி வீசுவது இல்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. புள்ளிகள் சிறு கதவுகளைப் போலத் திறந்து மூடுகின்றன. கதவு மூடினால் கறுப்பு. ஆனால் ஓரத்தில் சட்டம் கொஞ்சம் அழுத்தமாகவோ, தளர்வாகவோ பொருந்திவிட்டால், மூடிய கதவின் இடுக்கு வழியே வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

பின்விளக்கே இல்லாமல், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி வீசும் திரை வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்றார்கள். 2024–ல் விலை உயர்ந்த ‘ஐபேட் புரோ’வில் அப்படிப்பட்ட திரை வந்தது. கசிவு போயிற்று. ஆனால் இருட்டில், சாம்பல் நிறப் படத்தில், மணல் தூவியது போலச் சொரசொரப்பாகத் தெரிகிறது என்று சிலர் புகார் சொன்னார்கள்! எல்லாப் புள்ளிகளும் இம்மி பிசகாமல் ஒரே அளவு ஒளி வீசுவது இல்லை, அதுதான் காரணம். திரைத் தொழிலில் இந்தச் சீரின்மைக்கு ‘முரா’ என்று பெயர். ஜப்பானியச் சொல். உலகம் முழுவதும் அந்தச் சொல்லையே வழங்குகிறார்கள்.

பரிசுச் சீட்டு வியாபாரம்

குறையைக் கண்டதும் வாங்கியவர்கள் எல்லோரும் கடையில் போய்ச் சண்டை போடுவது இல்லை. சிலர் வேறு தந்திரம் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் ‘ஆப்பிள்’ கடையில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இதைப் பயன்படுத்தி ஒன்றை வாங்குவார்கள், இருட்டறையில் சோதிப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குவார்கள். மூன்று, நான்கு தடவை மாற்றியவர்கள் உண்டு. இதற்கு அவர்களே ‘திரை லாட்டரி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

லாட்டரி என்பது பொருத்தமான பெயர்தான். ஒரே மாதிரி டேப்லெட்டுக்கு ஒரே தொழிற்சாலையில் இருந்து திரை வருவது இல்லை. தென்கொரியாவில் இருந்தும் வரும். ஜப்பானில் இருந்தும் வரும். பெட்டியின் மேல் அது எழுதியிருக்காது. 2013–ல் வந்த ‘ஐபேட் மினி’யில், ஒரு படத்தை மாற்றிய பிறகும் பழைய படத்தின் சாயல் ஆவி போலத் திரையில் நின்றது. எல்லாவற்றிலும் அல்ல, சிலவற்றில். சதுரங்கக் கட்டம் போன்ற படத்தைப் 10 நிமிடம் திரையில் போட்டுவைத்து, பிறகு சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்க்கும் சோதனை அப்போது பிரபலமாயிற்று. நல்ல திரையில் கட்டம் மறைந்துவிடும். கெட்ட திரையில் மங்கலாக நிற்கும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். ஆனால் இங்கே பணத்தைக் கொடுத்த பிறகுதான் தட்டிப் பார்க்க முடிகிறது!

மாற்றி மாற்றி வாங்குவதிலும் ஒரு சங்கடம். முதலாவதில் கீழ் மூலையில் கசிவு. இரண்டாவதில் அது இல்லை, ஆனால் மேல் மூலையில் மஞ்சள். மூன்றாவதில் இரண்டும் இல்லை, நடுவே ஒரு புள்ளி எரியவில்லை. கடைசியில், “முதலாவதே தேவலை” என்று பெருமூச்சு விட்டவர்கள் எத்தனையோ பேர்.

எத்தனை புள்ளி செத்தால் குறை?

எரியாத புள்ளி என்றோம். இதற்கு உலகக் கணக்கே இருக்கிறது.

‘ஐபேட் மினி’ திரையில் நீளவாட்டில் 2,266 புள்ளிகள், அகலவாட்டில் 1,488. பெருக்கினால் 33 லட்சத்து 71 ஆயிரத்து 808. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பிள்ளைகள். ஆக மொத்தம் 1 கோடிக்கு மேல்! உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடியில் 1 கோடி கதவுகள். அவ்வளவிலும் ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது என்றால் நடக்கிற காரியமா? ஒரு கதவு பழுதான திரைகளை எல்லாம் உடைத்துப் போட்டால், மிஞ்சிய திரைகளின் விலை எங்கேயோ போய் நிற்கும்.

ஆகவே, சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 2001–ல் ஒரு விதி வகுத்தது. ரெயில் வண்டியைப் போலத் திரைகளுக்கும் வகுப்புகள்! முதல் வகுப்பில் ஒரு புள்ளியும் பழுதாகக் கூடாது. இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் புள்ளிக்கு, எப்போதும் எரிந்துகொண்டே இருப்பவை 2, எப்போதும் இருண்டு கிடப்பவை 2, பிள்ளைப் புள்ளிகளில் பழுதானவை 5 என்று மன்னிப்பு உண்டு. 2008–ல் இந்த விதியை மாற்றிப் புதிய விதி வந்தது. வகுப்பு முறை தொடர்ந்தது. திரை தயாரிக்கிறவர்களில் பலர் பிடித்துக்கொண்டது இரண்டாம் வகுப்பைத்தான்.

அந்தக் கணக்கை 33 லட்சம் புள்ளிக்குப் போட்டால், 6 புள்ளிகள் சதா எரிந்துகொண்டு இருந்தாலும் அது குறை அல்ல! கறுப்பு இரவுக் காட்சியில் 6 நட்சத்திரங்கள் இலவசம். கம்பெனிகள் நடைமுறையில் இவ்வளவு கண்டிப்பு இல்லாமல் மாற்றிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் சட்டம் பேசினால் எண்ணிக்கை அவர்கள் பக்கம்.

எனக்கு இதில் ஓர் ஆட்சேபம். எண்ணிக்கை வைப்பது நியாயம்தான். அதை வாங்குகிறவருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டாமா? ரெயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் வகுப்பு அச்சாகி இருக்கிறது. டேப்லெட் பெட்டியில் புள்ளிகளின் கணக்கு அச்சாகி இருக்கும். மன்னிக்கப்பட்ட புள்ளிகளின் கணக்கு இருக்காது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

2019–ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புள்ளியைப் பற்றியோ, கசிவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ‘குறை’ என்றால் என்ன என்பது இருக்கிறது. சட்டப்படி இருக்கவேண்டிய தரம், ஒப்பந்தப்படி இருக்கவேண்டிய தரம், இவை மட்டும் அல்ல. வியாபாரி தானே எந்த வகையிலாவது ‘இப்படி இருக்கும்’ என்று சொன்ன தரம். இவற்றில் எதிலிருந்து குறைந்தாலும் அது குறைதான்.

மூன்றாவதைக் கவனியுங்கள். ‘உயிருள்ளது போன்ற வண்ணம்’ என்றும், ‘கண்ணுக்கு இதம்’ என்றும் விளம்பரம் செய்கிறவர், பிறகு ‘இந்த வகைத் திரைக்கு இது சாதாரணம்’ என்று சொன்னால், அவர் விளம்பரத்தையே அவர் முன் எடுத்து வைக்கலாம். எனவே, விளம்பரத் தாளைக் குப்பையில் போடவேண்டாம்.

புகாருக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரை பெறுமானமுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பு, 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முறையிடலாம்.

ஆனால் அங்கே, “என் கண்ணுக்குத் தெரிகிறது” என்று மட்டும் சொன்னால் போதாது. ரசீது வேண்டும். வாங்கிய சில நாட்களுக்குள் இருட்டில் எடுத்த படம் வேண்டும். ஓடும் பக்கத்தின் ஆட்டம் என்றால் சலனப்படம் எடுத்து, அதை மெதுவாக ஓட்டிக் காட்டவேண்டும். ‘மினி’ விவகாரத்தில் வாதத்துக்கு வலு கொடுத்தது அப்படி மெதுவாக ஓடிய படங்கள்தான். ‘தெரியவில்லை’ என்று சொன்ன கட்சிக்காரர்கள்கூட, அதைப் பார்த்த பிறகு தங்கள் டேப்லெட்டை எடுத்து உற்றுப் பார்த்தார்கள். பலருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. என் மருமகன் எனக்குச் செய்த உபகாரம்தான்!

மூன்று ஆண்டு சென்றது. 2024 அக்டோபரில் அடுத்த ‘ஐபேட் மினி’ வந்தது. கடைக்கு வருமுன் அதைச் சோதித்துப் பார்க்கும் பத்திரிகைக்காரர்கள், வழக்கமாக அதன் வேகத்தை அளப்பார்கள், காமிராவைச் சோதிப்பார்கள். இந்தத் தடவை பலர் செய்த முதல் வேலை வேறு. நிமிர்த்திப் பிடித்தார்கள், நீளமான ஒரு பக்கத்தை எடுத்தார்கள், விரலால் மேலும் கீழும் தள்ளினார்கள்.

ஆட்டம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று பலர் எழுதினார்கள். உற்றுப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள்.